காய்ந்த சுவர்

ஊரில் அவனைச் சுண்ணாம்பு என்று சொன்னால்தான் தெரியும். சுண்ணாம்பு அடிக்கிற காலம் மலையேறி, டப்பா பெயிண்ட் வந்து, ரோலர் வந்து, கம்ப்யூட்டரில் கலர் காட்டுகிற கடைகூட வந்துவிட்டது. பட்டப்பேர் மட்டும் உரிந்து விழவில்லை. அவனுக்கும் அதில் வருத்தமில்லை. வருத்தப்படுவதற்கு வேறு எவ்வளவோ இருந்தன.

புது வீட்டுக்கு அவனை யாரும் கூப்பிடுவதில்லை. அதற்கெல்லாம் கட்டுகிற கான்ட்ராக்டரே ஆள் வைத்திருப்பார். இவனுக்கு வருவது காலி வீட்டு வேலை. ஒரு குடித்தனம் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதும் வீட்டுக்காரர் போன் பண்ணுவார். அடுத்த குடித்தனம் வருவதற்குள் உள்ளே புகுந்து, எண்ணெய்ப் பிசுக்கு, ஆணி பிடுங்கிய ஓட்டை, பிள்ளைகள் கிறுக்கி வைத்த யானை, எல்லாவற்றையும் இல்லாமல் ஆக்கிவிட்டு வெளியே வர வேண்டும். முக்கியமாக ஓதத்தை மறைக்க வேண்டும். பள்ளத்தில் கிடக்கிற ஊர் அது. மண்ணுக்குள் எப்போதும் தண்ணீர். சுவர்கள் அடியிலிருந்து அதை உறிஞ்சி உறிஞ்சி, இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்து, பொரிந்து, கறுத்து நிற்கும். அதைக் கண்ணுக்குத் தெரியாமல் பண்ணுவதில் சுண்ணாம்பை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சுரண்டுவான். ஹீட்டரை வைத்து வாட்டுவான். எண்ணெய் பிரைமரை இழுத்து, அதன்மேல் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு கோட்டு அடித்துவிட்டால் சுவர் புது மாப்பிள்ளை மாதிரி நிற்கும்.

"எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்று ஒரு வீட்டுக்காரரும் கேட்டதில்லை. "ஞாயித்துக்கிழமை பார்ட்டி வருது, அதுக்குள்ள வாசனை போயிடுமா?" என்பார்கள். அட்வான்ஸ் கைக்கு வரும்வரை தாங்கினால் போதும். நாலு மாதம் கழித்துப் பெயிண்ட் கொப்புளம் விட்டு உரியும்போது, வீட்டுக்குள் துணி காயப்போட்டதால்தான் இப்படி ஆனது என்று குடியிருக்கிறவர் தலையிலேயே கட்டிவிடலாம். காலி பண்ணும்போது பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளலாம். பிடித்ததில் பாதியைச் சுண்ணாம்பிடம் கொடுத்து மறுபடி மறைக்கச் சொல்லலாம். இப்படியே அந்த ஊரில் சுவர்கள் ஒருநாளும் காயாமல், வாடகை மட்டும் வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருந்தது.

இதைப்பற்றி அவன் யோசித்ததில்லை. யோசித்தால் சோறு இறங்காது. "நான் பெயிண்ட் அடிக்கிறேன், அவங்க வாடகைக்கு விடறாங்க. நானா விடறேன்?" என்பான். அதற்கு அவன் மனைவி ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் சட்டைக் கம்பெனியில் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிறவள். பகல் முழுக்க மெஷின் இரைச்சலில் உட்கார்ந்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் வாயைத் திறக்காமல் இருப்பதே ஒரு சுகம்.

ஊருக்கு வெளியே பெரிய ரோட்டின் மேல் ஒரு தொழிற்சாலை வந்தது. வந்ததும் வாடகைக்குப் பைத்தியம் பிடித்தது. கார் ஷெட்டுக்கு நடுவில் பலகை வைத்து இரண்டு குடும்பத்துக்கு விட்டார்கள். மாடிப்படிக்கு அடியில் கதவு போட்டு 'சிங்கிள் ரூம்' என்று போர்டு மாட்டினார்கள். நேற்றுவரை கோழி அடைத்த இடத்தில் இன்றைக்கு ஒரு பட்டதாரி பாய் விரித்துப் படுத்தான். எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்தது சுண்ணாம்புதான். வேலை குவிந்தது. கையில் காசு புரள்கிற மாதிரிகூட இருந்தது, அவன் வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வருகிறவரை.

வீட்டுக்காரர் ரிட்டையர் ஆனவர். செருப்பு சத்தம் கேட்காமல் நடப்பார். அன்றைக்குக் காலையில் வந்தவர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்க வேண்டிய சுவர்தான் அது. சுண்ணாம்பின் மகளுக்கு எட்டு வயது. குழந்தையிலிருந்தே மூச்சு இளைப்பு. ஈரச் சுவர் இருக்கிற வீட்டில் இவளை வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அதனால் இந்த வீட்டில் மட்டும் அவன் மறைக்கிற வேலை பார்க்கவில்லை. சொந்தக் காசைப் போட்டு, பூச்சை இடுப்புயரத்துக்குக் கொத்தி எறிந்து, செங்கல் தெரியக் காயவிட்டு, நீர் ஏறாத மருந்து கலந்து புதிதாகப் பூசியிருந்தான். ஊரிலேயே அவன் கையால் நேர்மையாக நின்ற சுவர் அது ஒன்றுதான். மகளும் அந்த வீட்டில் ராத்திரி எழுந்து உட்காராமல் தூங்கப் பழகியிருந்தாள்.

"எட்டு ஆக்கலாம்னு இருக்கேன்" என்றார் வீட்டுக்காரர். அவர்கள் கொடுத்துக்கொண்டிருந்தது ஐந்தாயிரம்.

"சார், அஞ்சுக்கே இழுத்துப் புடிச்சு ஓட்டிக்கிட்டிருக்கோம்."

"தெரியும்ப்பா. அதான் உன்கிட்ட மொதல்ல சொல்றேன். கம்பெனிப் பையன் ஒருத்தன் ஒன்பதுக்கு ரெடியா நிக்கிறான். காய்ஞ்ச வீடுன்னா இன்னைக்கு அதான் ரேட்டு."

"காய வெச்சது நான் சார்."

"இல்லைங்கலையே. அத நான் மறப்பனா?" அவர் நிஜமாகவே நெகிழ்ந்த மாதிரி இருந்தது. "மாசக் கடைசி வரைக்கும் பாரு. முடியலேன்னா வேற எடம் பார்த்துக்க. போறதுக்கு முன்னாடி ஒரு கோட்டு அடிச்சுட்டுப் போயிடு. உன் வீடு மாதிரி நெனச்சு செய்வ, வேற ஆளுக்கு அந்த மனசு வராது."

அவர் படியேறிப் போன பிறகு மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கேட்டீங்களா, உங்க வீடு மாதிரியாம்" என்றாள். சிரிக்கக்கூடச் செய்தாள்.

தினமும் அவள் வேலை முடிந்து வந்ததும் இருவரும் வீடு தேடிக் கிளம்பினார்கள். முதல் வீட்டில் நுழைந்ததுமே அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வெள்ளைவெளேரென்று சுவர். ஜன்னல் வழியாகக் காற்று. "நல்லாத்தானே இருக்கு, கேளுங்க" என்று கிசுகிசுத்தாள். அவன் "வேணாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான்.

"ஏன்?"

"அந்த பீரோ வைக்கிற மூலையில விரலை வெச்சா உள்ள போயிடும். பட்டியை அரை இஞ்சுக்கு அப்பி வெச்சிருக்கு. நான்தான் அப்பினேன்."

இரண்டாவது வீடும் அவன் அடித்ததுதான். மேலே இருக்கிற கழிவுக் குழாய் ஒழுகுகிற வீடு. கூரையில் தெரிகிற மஞ்சள் கறையை மறைக்க அந்த அறைக்கே மஞ்சள் அடித்துவிடலாம் என்று வீட்டுக்காரருக்கு யோசனை சொன்னவனே இவன்தான். அப்போது அந்த யோசனைக்காக இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். இப்போது அந்த மஞ்சளை நிமிர்ந்து பார்க்காமலே வெளியே வந்தான்.

மூன்றாவது வீட்டில் அடுப்புக்கும் கக்கூசுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரைதான் இருந்தது. "ரெண்டும் பக்கத்துல இருந்தா பைப்பு செலவு மிச்சம்" என்றாள் வீட்டுக்காரம்மா. அதற்கும் ஏழாயிரம். மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையைக் காட்டியவர், சுண்ணாம்பு தலையில் இடித்துக்கொண்டதைப் பார்த்து, "படுக்கறதுக்குத்தானே, நிக்கவா போறீங்க?" என்றார். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் பொறுக்க முடியவில்லை. விருந்தாளி வருவார்களா? வந்தால் தங்குவார்களா? எத்தனை பக்கெட் தண்ணீர் செலவாகும்? கதவை மெதுவாகச் சாத்துவீர்களா? ஒருத்தர் இருவரின் சம்பளத்தையும் கேட்டுவிட்டு, இருவருக்கும் ஒரே நேரத்தில் வேலை போனால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார். செத்துப் போவோம் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. "பார்த்துக்குவோம் சார்" என்றான்.

மகளைக் கூட்டிக்கொண்டு போன ஒரு வீட்டில் அவள் இருமினாள். வீட்டுக்காரம்மா உடனே இரண்டடி பின்னால் போனாள். "என்ன சீக்கு?" என்று கேட்டாள். சீக்கு இல்லை, இளைப்புதான், ஒட்டாது என்று மனைவி எவ்வளவோ சொன்னாள். "எதுக்கும் நாங்க யோசிச்சு சொல்றோம்" என்று கதவு மூடிவிட்டது. அடுத்த வீட்டு வாசலில் நின்றபோது மகளே தாயின் முந்தானையைப் பிடித்து, "நான் மூச்சை அடக்கிக்கறேம்மா" என்றாள். அடக்கிக்கொண்டும் நின்றாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி, உள்ளே வாடகை பேசி முடிகிறவரை அந்தப் பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. சுண்ணாம்பு பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தான். அன்றைக்கு அவனுக்கு இந்த ஊர்மேல் வந்த அருவருப்பை எந்த டப்பாவில் அடைத்தாலும் மூடி நிற்காது.

மனைவி நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "எந்த வீட்டைக் காட்டுனாலும் நான் அடிச்சது, நான் மறைச்சதுங்கறீங்க. இந்த ஊர்ல நீங்க பொய் சொல்லாத சுவர் ஒண்ணாவது இருக்கா, இல்லையா?"

மகளைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு அவன் நடந்தான். ஊரில் ஒருத்தனும் ஏமாற்ற முடியாத வாடகைக்காரன் அவன். அதனாலேயே அவனுக்கு ஒரு வீடும் கிடைக்கவில்லை.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது மருந்துக்கடைக்காரர் தானாகவே கூப்பிட்டார். மகளுக்கு வேண்டிய மருந்தெல்லாம் அவர் கடையில்தான் வாங்குவது. வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்ப்பை அவர் கேட்காமலே எடுத்து வைப்பார். ஊருக்குள் அவருக்கு ஏழெட்டு வீடுகள் இருந்தன. எல்லாம் வாடகைக்கு. ஈரச் சுவருக்கும் அவரிடம்தான் வாடகை கொடுக்க வேண்டும், அது கொடுக்கிற இருமலுக்கும் அவரிடம்தான் மருந்து வாங்க வேண்டும். இதை யாராவது அவரிடம் சொன்னால் அவரே ரசித்துச் சிரிப்பார்.

"நீ வீடு தேடறியாமே? என்கிட்ட கேக்கறதுக்கென்ன? பாப்பாவோட நெலமை எனக்குத் தெரியாதா?" என்றவர், கடைத்தெருவுக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய மாடி வீட்டின் சாவியைக் கொடுத்தார்.

அந்த வீட்டை அவன் அடிக்கவில்லை. கட்டிய கான்ட்ராக்டரின் ஆள் அடித்தது. ஆனாலும் அவன் நம்பவில்லை. மனைவி வாசலில் நிற்க, அறை அறையாகப் போய் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். மூலைகளில் மூக்கை வைத்து முகர்ந்தான். சுவிட்ச் போர்டைக் கழற்றி உள்ளே பூச்சைத் தொட்டுப் பார்த்தான். பொரபொரவென்று காய்ந்திருந்தது. கீழ்த்தளத்தில் கடைகள் இருந்ததால் மண்ணின் ஈரம் அங்கே ஏற வழியில்லை. மகள் உள்ளே ஓடிப் போய்ச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "சுடுதுப்பா" என்றாள். வெயில் பட்ட சுவர். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அழுகிறாள் என்று தெரிந்து அவன் பார்க்காத மாதிரி இருந்தான்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "ஒன்பது சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார் மருந்துக்கடைக்காரர். "உனக்கு ஏழு. ஆனா ஒரு வேலை இருக்கு."

வேலை இதுதான். பக்கத்துச் சந்தின் கடைசியில் அவருக்கு ஒரு தரைவீடு இருந்தது. இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. தொழிற்சாலையில் சேர்ந்த ஒரு தம்பதி, கைக்குழந்தையோடு வந்து, இந்த மாடி வீட்டைத்தான் கேட்டிருந்தார்கள். ஒன்பது தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். "அவங்களை அந்தத் தரைவீட்டுக்கு அனுப்பிடலாம்னு பார்க்கறேன். அதே ஒன்பது. சனிக்கிழமை வீடு பார்க்க வர்றாங்க. உன் கைவண்ணத்தைக் காட்டிட்டேன்னா இது உனக்கு."

தரைவீட்டைச் சுண்ணாம்புக்கு நன்றாகத் தெரியும். இரண்டு தடவை மறைத்திருக்கிறான். இரண்டு தடவையும் அது வெளியே வந்துவிட்டது.

"சார், அது ரொம்ப மோசமான வீடு."

"மோசமில்லாட்டி உன்னை எதுக்குக் கூப்பிடறேன்?"

அவன் நின்றான். மகள் சுவரில் கன்னம் வைத்து நின்றது கண்ணிலேயே இருந்தது. சரி என்று தலையாட்டினான். மனைவி கம்பெனியில் முன்பணம் வாங்கி வர, அட்வான்ஸ் கட்டினார்கள். தரைவீட்டு விஷயத்தை மட்டும் அவன் அவளிடம் சொல்லவில்லை. தள்ளுபடிக்கு ஒரு பெயிண்ட் வேலை கேட்டிருக்கிறார் என்று சொல்லி வைத்தான். அதுவும் பொய்யில்லை.

தரைவீட்டுக் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. நனைந்த கோணிச் சாக்கை மூக்கில் போட்டு மூடிய மாதிரி. உள்ளறைச் சுவர் தோள் உயரத்துக்குக் கறுத்திருந்தது. ஜன்னலுக்குக் கீழே காளான். முன்பு அவன் அடித்த பெயிண்ட் பெரிய பெரிய பொருக்காகத் தொங்கியது. தொட்டால் கையோடு வந்தது. அதற்குப் பின்னால் சின்னச் சின்னப் பூச்சிகள் வெளிச்சத்தைப் பார்த்துச் சிதறி ஓடின. இதற்கு ஒன்பதாயிரம். சுண்ணாம்பு வாசலுக்கு வந்து காறித் துப்பினான். யாரைப் பார்த்துத் துப்பினான் என்று அவனுக்கே தெரியவில்லை. மருந்துக்கடைக்காரரையா, தொழிற்சாலையையா, தன்னையா. பிறகு வாயைத் துணியால் கட்டிக்கொண்டு உள்ளே போனான்.

சுரண்டினான். வாட்டினான். பிரைமர் இழுத்தான். சுவர் குடித்துக்கொண்டே இருந்தது, இவன் இழுத்துக்கொண்டே இருந்தான். பட்டி காயவில்லை. மறுபடியும் ஹீட்டர். வெள்ளி சாயங்காலம் ஒருவழியாகச் சுவர் ஏமாந்து நின்றது. சனிக்கிழமை இளநீலம் அடித்தான். குழந்தை இருக்கிற வீட்டுக்கு இளநீலம் எடுபடும் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார். தரையைப் பினாயில் போட்டுத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், வாசலில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

சின்ன வயது. தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் தெருவில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு, ஈரத்தரையில் கால் பதிந்துவிடக் கூடாதே என்று ஓரமாக நடந்து வந்தாள். "நல்லா அடிச்சிருக்கீங்கண்ணே" என்றாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். டப்பாவை மூடினான். பிரஷ்ஷைக் கழுவினான். சீக்கிரம் போய்விட வேண்டும் என்று இருந்தது.

அவள் உள்ளறைக்குள் போய் நின்று கையால் அளந்தாள். "தொட்டில் கட்டில் இருக்குண்ணே. எங்கம்மா வாங்கிக் குடுத்தது. இந்த ஜன்னலுக்குக் கீழ போட்டா சரியா இருக்கும். காத்தும் வரும். இல்லையா?"

கேட்டுவிட்டு, தோளில் கிடந்த குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டு, பதிலுக்கு நின்றாள். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஈரமா, காய்ந்ததா என்று கேட்டிருந்தால், கூசாமல் "காய்ஞ்ச சுவர்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். அதற்கு நாக்கைத் தயாராகவே வைத்திருந்தான். இதற்குத் தயாராக இல்லை. குழந்தையின் தலை வைக்கப்போகிற இடத்துக்குப் பின்னால் காளான் இருந்த இடம் அவனுக்கு விரற்கடை பிசகாமல் தெரிந்தது.

"அங்க வேணாம்மா" என்றான். "எதிர்ச் சுவத்துல போட்டுக்கங்க."

"ஏண்ணே?"

"சும்மாதான். பெயிண்ட் வாசனை."

இவ்வளவுதான் அவன் சொன்னது. உண்மையையும் முழுசாகச் சொல்லவில்லை, பொய்யையும் முழுசாகச் சொல்லவில்லை. பாதியைச் சொன்னால் குழந்தையும் தப்பிக்கும், தன் வீடும் தப்பிக்கும் என்று அந்தச் சமயத்தில் தோன்றியிருக்க வேண்டும். சுவரில் ஒரு கோட்டு குறைவாக அடித்தால் அடியில் இருப்பது தெரிந்துவிடும் என்பது அவன் தொழிலில் முதல் பாடம். அது பேச்சுக்கும் பொருந்தும் என்று அவன் நினைக்கவில்லை.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு திரும்பி, ஜன்னலுக்குக் கீழே குனிந்து உள்ளங்கையை வைத்தாள். அசையாமல் வைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்துத் தன் கன்னத்தில் தொட்டுப் பார்த்தாள். "என்னங்க, இங்க ஒரு நிமிஷம் வாங்க" என்று புருஷனைக் கூப்பிட்டாள். குரலில் கோபமே இல்லை. சுண்ணாம்பு ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்துவிட்டான்.

மறுநாள் காலையில் பழைய வீட்டைக் காலி செய்து, சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போனார்கள். கம்பெனிப் பையனின் மெத்தை அதற்குள் பழைய வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டது. மாடி வீட்டுப் படியில் மகள்தான் முதலில் ஏறினாள். ஏறிய வேகத்தில் இறங்கி வந்தாள். "அப்பா, உள்ள யாரோ இருக்காங்க" என்றாள்.

பால்கனியில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சுண்ணாம்பு மருந்துக்கடைக்கு ஓடினான். மருந்துக்கடைக்காரர் ஒரு கிழவருக்கு மாத்திரையை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். முடிகிறவரை காக்க வைத்தார்.

"நேத்து சாயங்காலமே அந்தப் பையன் வந்து நின்னுட்டான்ப்பா. தரைவீடு ஓதம் அடிக்குது, எங்களுக்கு மாடிதான் வேணும், பத்துகூடத் தர்றோம்னான். அட்வான்ஸும் முழுசா வெச்சான். நான் என்ன பண்ணட்டும்? கைக்குழந்தை வேற. பாவம் இல்லையா?"

"எங்கிட்டயும் அட்வான்ஸ் வாங்கியிருக்கீங்க சார்."

"வாங்கினேன். வீடு இல்லேன்னா சொன்னேன்?" மேஜை இழுப்பறையைத் திறந்து அந்தத் தரைவீட்டுச் சாவியை எடுத்து, மருந்துச் சீட்டுகளுக்கு நடுவில் வைத்தார். "அதே ஏழுக்குத் தர்றேன். ஒன்பதுக்குப் போற வீடு. நேத்துத்தான் பெயிண்ட் அடிச்சது. எப்படி இருக்கும்னு உனக்கு நான் சொல்லணுமா?" சிரித்தார். அவன் வாய்விட்டது அவருக்குத் தெரியும் என்பது அந்தச் சிரிப்பில் இருந்தது. "பாப்பாவுக்கு ஒரு பம்ப்பு எக்ஸ்ட்ராவா எடுத்துட்டுப் போயிடு. கணக்குல எழுதிக்கறேன்."

அவர் சட்டையைப் பிடித்திருக்கலாம். கடைக் கண்ணாடியை உடைத்திருக்கலாம். நின்ற இடத்திலேயே நூறு தடவை மனசுக்குள் உடைத்தான். ஆனால் தெருவில் வண்டி நின்றுகொண்டிருந்தது, வண்டிக்காரர் இன்னொரு வாடகைக்கு நேரமாகிறது என்று கத்திக்கொண்டிருந்தார், அலமாரிக்கும் பாத்திரக் கூடைக்கும் நடுவில் அவன் மகள் உட்கார்ந்திருந்தாள். சாவியை எடுத்துக்கொண்டான். பம்ப்பையும் எடுத்துக்கொண்டான். அதை எடுத்த கையை அவனுக்கு வெட்டிப் போடலாம்போல் இருந்தது.

ஓதம் என்று தரைவீட்டை வேண்டாமென்றவர்களுக்கு மாடி போய்விட்டது என்று மட்டும் வழியில் மனைவியிடம் சொல்லிவிட்டு, தரைவீட்டில் சாமான்களை இறக்கினான். மகள் பைகளை வைக்க உள்ளறைக்குப் போனதும் இவள் நடு அறையில் நின்று சுவரைத் தொட்டாள். நீலம் விரலில் ஒட்டவில்லை. நல்ல வேலை. ஆனால் அடியில் சில்லென்று இருந்தது. இத்தனை வீடுகள் பார்த்ததில் அவளும் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"இதுதானா அந்தத் தள்ளுபடி வேலை?"

"ஆமா."

"அவங்களுக்கு விடறதுக்கு அடிச்சீங்க."

"ஆமா."

"அடிச்சதுக்கு அப்புறம் எவன் போயி அவங்ககிட்ட வத்தி வெச்சான்? எவனுக்கு நம்மமேல இவ்வளவு வயித்தெரிச்சல்? எந்த நாசமாப் போறவன்..." என்று ஆரம்பித்தவள் அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"நான்தான்" என்றான். "கட்டிலை அந்தச் சுவத்துல போடாதேன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். பச்சைக் குழந்தை..."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். அவள் கீழே கிடந்த ஈரத் துணியை எடுத்து, பாத்திரக் கூடையின் விளிம்பில் போட்டு, திரும்பவும் எடுத்து மடித்தாள்.

"ஊர் பூராப் பொய்யைப் பூசுனீங்க. எத்தனையோ வீட்டுல, எத்தனையோ பிள்ளைங்க. அப்பெல்லாம் உங்களுக்கு வாய் வரல" என்றாள். "கடைசியில நல்லவனாகறதுக்கு உங்களுக்கு என் பிள்ளையோட மூச்சுதான் கெடச்சுதா?"

அவன் வாயைத் திறந்தான். உள்ளறையில் மகள் இருமினாள். ஒரே ஒரு தடவைதான். இருவரும் அப்படியே நின்று, அடுத்தது வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டார்கள். வரவில்லை. சற்று நேரம் கழித்துத்தான் இருவருக்கும் புரிந்தது, உள்ளே பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறது என்று.